அப்பச்சி எழுதிய ‘ஒன்லி’

வக்கீலான எனக்கு வந்த கடிதம் எட்டுப் பக்கம். கூடவே ஓர் உயிலின் நகல், பழைய கடிதங்கள் ஐந்தின் நகல். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் பிறந்து, தேவகோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட நகரத்தார் வீட்டு ஆச்சி. வயது 61. அவருடைய அப்பச்சி (அப்பா) சின்ன வயதில் பினாங்குக்குப் பெட்டியடிப் பையனாக (கடையில் எடுபிடிப் பையனாக) போய், அடுத்தாளாக (முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த ஆளாக) உயர்ந்து, ஊர் திரும்பியவர். 1996இல் தாமே இங்கிலீஷில் டைப் அடித்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு ஓர் உயிலைப் பதிவு செய்தார். 2009இல் காலமானார். ஆத்தா (அம்மா) அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இருவர்: இந்த ஆச்சியும், கோலாலம்பூரில் இருக்கும் தம்பியும். வீட்டை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடலாமென்று இப்போது பேச்சு எழுந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் இரும்புப் பெட்டியில் கிடந்த உயில் வெளியே வந்திருக்கிறது.

உயிலில் ஆச்சியைப் பற்றி இரண்டே வரி. ‘மை டாட்டர் ஒன்லி ஷேல் ஹேவ் த டூ வெஸ்டர்ன் ரூம்ஸ் இன் த செகண்ட் கட்டு’ என்பது ஒன்று: வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது இரண்டாம் பகுதியில், மேற்கு அறைகள் இரண்டு. பேங்க் டெபாசிட்டிலிருந்து மகளுக்கு ‘ருபீஸ் ஃபிஃப்டி தவுசண்ட் ஒன்லி’ என்பது மற்றொன்று. தம்பி சொல்கிறாராம்: ‘மகளுக்கு மட்டும் என்றுதான் அப்பச்சி எழுதியிருக்கிறார். அக்கா காலம் வரைக்கும்தான் அந்த இரண்டு அறை. அப்புறம் அவர்கள் பிள்ளைகளுக்குப் போகாது.’ ஆச்சியின் மகன் சென்னையில் இன்ஜினீயர். ‘ஒன்லி எப்போதும் பக்கத்துச் சொல்லைத்தான் பிடிக்கும், அது இலக்கண விதி. மாமா சொல்வது சரிதான்’ என்கிறாராம். அந்த மகனுக்கே தம்பி அனுப்பிய மெயிலில், ‘ஐ வுட் பி ஒன்லி டூ கிளாட் டு கிவ் ஹர் த கீஸ்’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘ஏதோ தொல்லை தீரட்டும் என்று சாவியைத் தூக்கிப் போடுகிற மாதிரி எழுதுகிறான்’ என்று ஆச்சிக்கு வருத்தம்.

கடைசிப் பக்கத்தில் அவர் கேட்பது: ‘வக்கீல் ஐயா, எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வெறும் ஐம்பதாயிரம் என்று எழுதுகிற அளவுக்கு அப்பச்சிக்கு நான் குறைந்து போனேனா?’

சரி ஆச்சி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குத்தான் பதில் மிகவும் சுலபம்.

ஐம்பதாயிரத்துக்குப் பின்னால் வரும் ஒன்லி

வீட்டில் பழைய செக் புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்கள். ‘ரூபாய் ஐயாயிரம் மட்டும்’ என்று எழுதியிருப்பீர்கள். அது வெறும் ஐயாயிரம் என்று யாரையும் குறைத்துச் சொன்னதாகுமா? எழுத்தில் எழுதிய தொகைக்குப் பின்னால் இன்னொருவர் ‘ஐந்நூறு’ சேர்க்காமல் இருக்கப் போடுகிற தாழ்ப்பாள் அது. எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் வேறு தொகையும் இருந்தால், எழுத்தில் இருப்பதுதான் செல்லும் என்று 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் எழுத்தின் வாலில் பூட்டு. ஒன்லி போட்டே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. போடாத செக்கும் செல்லும். ஆனாலும் எல்லாரும் போடுகிறோம்.

தமிழில் இந்தப் பூட்டு இன்னும் பொருத்தமான சொல். மட்டு என்றால் எல்லை, அளவு. கழுத்து மட்டும் தண்ணீர் என்றால் கழுத்து வரைக்கும். மட்டு மரியாதை இல்லாதவன் என்றால் அளவு தெரியாதவன். ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும் என்றால், தொகை இதுவரைக்கும், இதோடு கோடு. அதில் அன்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உங்கள் அப்பச்சி கிட்டங்கியில் (செட்டியார்களின் வட்டிக்கடையில்) கணக்கு எழுதிப் பழகியவர். பணத்தை எழுத்தில் எழுதினால் கை தானாக ஒன்லி போட்டுவிடும். உயில் நகலை நான் முழுக்கப் பார்த்தேன். ஈமச் செலவுக்கு ஒதுக்கிய தொகைக்கும் ஒன்லி, கோயிலுக்கு எழுதிய தொகைக்கும் ஒன்லி, தம்பிக்கு எழுதிய தொகைக்கும் ஒன்லி. உங்கள் கண்ணில் உங்கள் வரி மட்டும் பட்டிருக்கிறது.

மகளுக்குப் பின்னால் வரும் ஒன்லி

இது சிக்கலானது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லின் பூர்விகம். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இது ‘ஆன்லிக்’. ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லிக்’ என்றால் உடல், வடிவம். அதிலிருந்துதான் ‘போல’ என்று பொருள்படும் இன்றைய ‘லைக்’ வந்தது, வினையடைகளுக்குப் பின்னால் ஒட்டுகிற ‘லி’யும் வந்தது. ஆக ஒன்லி என்றால் ஒன்றே போன்றது, ஒற்றையானது. இதற்கு அக்காள் தங்கை முறையில் இன்னொரு வடிவமும் அந்தக் காலத்தில் இருந்தது. அதற்கு ஒப்பற்ற, அழகிய என்று பொருள். அலோன் என்பதும் இதே குடும்பம்தான்: ‘ஆல்’ சேர்ந்த ‘ஒன்’, முழுக்க ஒற்றை. அதன் தலையை வெட்டித்தான் தனிமையைக் குறிக்கும் ‘லோன்’ பிறந்தது. (நம் ஊரில் லோன் என்றால் வேறு ஞாபகம்தான் வரும்.) இன்றைக்கு இங்கிலீஷ்காரர் ஒன்றை ‘வன்’ என்கிறார். ஒன்லி, அலோன் போன்ற சொற்களில் பழைய ‘ஓ’ ஒலி அப்படியே தங்கிவிட்டது. உச்சரிப்புப்படி நாம் ஓன்லி என்று எழுத வேண்டும். பஸ்ஸில் லேடீஸ் ஒன்லி பார்த்துப் பார்த்துக் குறிலாக்கிவிட்டோம்.

ஒற்றை என்ற அந்தப் பொருளிலிருந்துதான், ‘இது, வேறில்லை’ என்று பிரித்துக் காட்டுகிற இன்றைய வேலை அதற்கு வந்தது. இங்கிலாந்து இங்கிலீஷில் அதன் முக்கியமான தொழில் இந்த விலக்குதல்தான்.

நாம் அதை எடுத்துக்கொண்டபோது கூடுதலாக ஒரு வேலை கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் ஏகாரம் படித்தது நினைவிருக்கிறதா? ‘அவளே பாடினாள்’ என்றால் மற்றவர்களிலிருந்து அவளைப் பிரிக்கிறது, அது பிரிநிலை. ‘அது உண்மையே’ என்றால் எதையும் பிரிக்கவில்லை, அடித்துச் சொல்கிறது, அது தேற்றம். இந்த இரண்டு வேலையையும் பேச்சில் ‘தான்’ பார்த்துக்கொள்கிறது. ‘நேற்றுத்தான் வந்தேன்’ என்று நினைத்துக்கொண்டே இங்கிலீஷில் எழுதும்போது, ‘ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி’ என்று எழுதிவிடுகிறோம். இங்கிலாந்துக்காரர் அதைப் படித்தால் ‘நேற்று ஒரு நாள் மட்டும்தான் வந்தாராக்கும்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடும். நாம் சொன்னது தேற்றம், அவருக்குக் கேட்டது பிரிநிலை.

நீங்கள் அனுப்பிய ஐந்து கடிதங்களை இந்தக் கண்ணோடு படித்தேன். ‘ரீச்டு மெட்ராஸ் திஸ் மார்னிங் ஒன்லி.’ ‘யுவர் மதர் ஒன்லி செலக்டட் த சாரி.’ ‘ஐ ஆம் டெல்லிங் ஃபார் யுவர் குட் ஒன்லி.’ ஐந்து கடிதங்களில் ஏழு ஒன்லி. ஏழும் சொல்லுக்குப் பின்னால் வருகின்றன, ஏழும் ‘தான்’. உங்கள் ஆத்தாதான் சேலையை எடுத்தார் என்று மகளுக்கு எழுதுகிற மனிதர், வேறு யாரும் சேலை எடுக்கக் கூடாது என்றா சொல்கிறார்?

உங்கள் மகன் சொல்லும் இலக்கண விதிக்கு வருகிறேன். தம்பிக்கு (உங்கள் மகனைச் சொல்கிறேன்) பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான். ஆனால் அது கல்லில் வெட்டிய விதி இல்லை. 1926லேயே ஃபௌலர் என்ற இங்கிலீஷ் அறிஞர், பேச்சுவழக்கில் ஒன்லி தனக்குரிய சொல்லை விட்டுத் தள்ளி வருவது இயல்புதான், அதில் குழப்பம் வராதவரை குற்றம் பிடிக்கத் தேவையில்லை என்று வாதாடியிருக்கிறார். அவர் சொன்ன உதாரணம் ‘ஹி ஒன்லி டைடு எ வீக் எகோ’. ‘செத்ததைத் தவிர அவர் வேறு ஒன்றும் செய்யவில்லை’ என்று அதை யாரும் படிப்பதில்லை. போன வாரம்தான் போனார் என்றே எடுத்துக்கொள்கிறோம். தவிர, உங்கள் உயில் வரியில் ஒன்லிக்கு இடது பக்கம் ‘டாட்டர்’, வலது பக்கம் ‘ஷேல் ஹேவ்’. பக்கத்துச் சொல் என்றால் எந்தப் பக்கம்?

பேச்சில் இது சரி. பத்திரத்தில் ஆபத்து, அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் ஜூனியராக இருந்தபோது ஒரு கடை வாடகைப் பத்திரத்தில் ‘த டெனன்ட் ஷேல் ஒன்லி பே த கரண்ட் சார்ஜ்’ என்று டைப் அடித்துக் கொடுத்தேன். தண்ணீர் வரி சொந்தக்காரர் பொறுப்பு, கரண்ட் பில் கடைக்காரர் பொறுப்பு என்பது என் எண்ணம். நாலு மாதம் கழித்து கடைக்காரர் வந்து நின்று, ‘நான் கரண்ட் பில் மட்டும் கட்டினால் போதுமாமே, வாடகை எதற்கு?’ என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என் சீனியர் சிரிக்கவில்லை.

சட்டம் இந்தச் சொல்லை எப்படிப் படிக்கும்

உயிலைப் படிக்க 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் விதிகள் இருக்கின்றன. 74ஆம் பிரிவு, சட்டச் சொற்கள் தேவையில்லை, எழுதியவரின் எண்ணம் தெரிந்தால் போதும் என்கிறது. 82ஆம் பிரிவு, ஒரு வரியின் பொருளை உயில் முழுவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டும் உங்களுக்குச் சாதகம். உயிலின் அடுத்த வரியைப் பாருங்கள்: ‘மை சன் ஷேல் ஹேவ் த ரெஸ்ட் ஆஃப் த ஹவுஸ்.’ மகனுக்கும் ஷேல் ஹேவ், மகளுக்கும் ஷேல் ஹேவ். மகனுக்கு அது முழு உரிமை என்றால், மகளுக்கு மட்டும் அதே சொல் வாழ்நாள் அனுபவமாக எப்படிக் குறையும்?

அடுத்து 95ஆம் பிரிவு. ஒருவருக்கு ஒரு சொத்தை எழுதினால், குறைந்த உரிமைதான் கொடுக்க நினைத்தார் என்று உயிலிலிருந்தே தெரியவந்தாலொழிய, எழுதியவருக்கு அதில் இருந்த உரிமை முழுவதும் பெற்றவருக்குப் போகும். (அந்தப் பிரிவின் இங்கிலீஷ் வாசகத்திலும் ஓர் ஒன்லி இருக்கிறது, சரியான இடத்தில்.) அப்பச்சி ‘ஆயுள் வரை’ என்று எங்கும் எழுதவில்லை. ‘பிறகு மகனுக்கு’ என்றும் எழுதவில்லை.

தம்பி சொல்வது போல ‘மகளுக்கு மட்டும்’ என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஒன்லி யாருக்கு என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது, எத்தனை காலத்துக்கு என்ற கேள்விக்கு இல்லை. மகளுக்கு மட்டும் என்றால் மகனுக்கு இல்லை என்றாகும். மகளின் பிள்ளைகள் அவர் வழியாக வாரிசாக வருவதை அது தடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று. உயில் எழுதியவரின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சூழ்நிலையில் நின்று படிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்வதுண்டு. உங்கள் முகப்பில் கிடக்கும் அந்த நாற்காலியில் நாமும் உட்கார்ந்து பார்ப்போம். வளவு வீட்டில் (நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள செட்டிநாட்டு வீட்டில்) அறை என்பது கல்யாணமான ஆண்பிள்ளைகளின் புள்ளிக் கணக்கில் வருவது. புள்ளி என்றால் கோயில் கணக்கில் ஒரு குடும்பம். கல்யாணமான பெண் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலுக்குப் புள்ளியாகிவிடுவார். அந்த வழக்கத்துக்கு மாறாக ஒருவர் மகளுக்கு இரண்டு அறை எழுதுகிறார். பங்காளிகள் ‘யாருக்கு, பெண்ணுக்கா?’ என்று கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆமாம், என் மகளுக்குத்தான் என்று அழுத்திச் சொல்ல, அவர் கையில் இருந்த இங்கிலீஷ் சொல் ஒன்லி. நான் அப்படித்தான் படிக்கிறேன்.

எதிர்த் தரப்பு என்ன சொல்லலாம்

நான் சொல்வதே தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் 14(2) பிரிவைத் தம்பியின் வக்கீல் எடுப்பார். உயில் மூலம் ஒரு பெண்ணுக்குக் கட்டுப்பாடான உரிமை கொடுத்தால், அது கட்டுப்பாடாகவே இருக்கும் என்பது அதன் சாரம். இங்கே கட்டுப்பாடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு அவர்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம் இந்த ஒற்றைச் சொல். பழைய கடிதங்களைக் கோர்ட்டில் அப்படியே வைத்து ‘அப்பச்சி மனதில் நினைத்தது இதுதான்’ என்று நிரூபிக்கவும் வரம்புகள் உண்டு. வாசகத்திலேயே தெரிகிற குழப்பத்துக்கு வெளிச்சாட்சி கொண்டுவருவதை 1925ஆம் வருஷத்துச் சட்டத்தின் 81ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. சூழ்நிலையைக் காட்டுவது வேறு, எண்ணத்தைச் சாட்சியாகச் சொல்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடலாம்.

உறவினர் ஒருவர், ‘1989க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பூர்விகச் சொத்தில் பாகமே இல்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்’ என்றதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய கதை. 1989இன் தமிழ்நாட்டுத் திருத்தத்தில் அந்த வரம்பு இருந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியச் சட்டத் திருத்தத்தில் இல்லை. மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

ஆனால் உங்கள் வீடு அந்த வகையில் வருமா என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டைக் கட்டியது யார்? உங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பா) கட்டியதென்றால் அவர் எப்போது காலமானார்? 1956 ஜூனில் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு காலமாகி, அப்பச்சிக்கு வாரிசாக வந்திருந்தால், பொதுவாக அது அப்பச்சியின் தனிச்சொத்து. முழுவதையும் அவர் உயில் எழுதலாம். அதற்கு முன்னால் என்றால் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அப்பச்சி தம் பங்கை மட்டும்தான் எழுத முடியும். உங்களுக்கு இரண்டு அறையை விடக் கூடுதலாகவே பாகம் வரலாம். அப்படித் தெரிந்தால் உடனே உயிலை எதிர்த்துக் கிளம்பிவிடாதீர்கள். உயிலில் கிடைத்த அறைகளையும் பணத்தையும் ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் அதே உயிலைத் தள்ளுவது எளிதில் எடுபடாது. எதை எடுப்பது என்று யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தம்பியின் ஒன்லி

இதைத்தான் நீங்கள் ரொம்பத் தப்பாகப் படித்துவிட்டீர்கள் ஆச்சி. ‘ஒன்லி டூ கிளாட்’ என்பது ஒரு தொடர். பிரித்துப் படிக்கக் கூடாது. டூ என்றால் அளவு மீறியது, ஒன்லி என்றால் வெறும் என்று தனித்தனியாக அர்த்தம் எடுத்ததால்தான் உங்களுக்குத் தொல்லை தீரட்டும் என்று கேட்டது. இங்கிலீஷ் பேசுகிறவர்கள் வாயில் இதற்கு அர்த்தம், மிக மிகச் சந்தோஷம். உங்கள் தம்பி முப்பது வருஷமாகக் கோலாலம்பூரில் அந்த இங்கிலீஷில்தான் ஆபீஸ் நடத்துகிறார். ‘அக்காவிடம் சாவியைக் கொடுப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்.

ஆக இங்கே நடந்தது இது. அப்பச்சி தமிழில் நினைத்து எழுதிய ஒன்லியைத் தம்பி இங்கிலீஷாகப் படித்துவிட்டார். தம்பி இங்கிலீஷில் எழுதிய ஒன்லியை நீங்கள் தமிழாகப் படித்துவிட்டீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது

வழக்கு கடைசி வழி. பாகப்பிரிவினை வழக்கு என்று போனால் ஹோட்டல்காரர் காத்திருக்க மாட்டார், உங்கள் வயதும் காத்திருக்காது. அந்த அறைகளில் உங்கள் ஆத்தாவின் பித்தளைச் சாமானும் உங்கள் சீர் சாமானும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முதல் வேலை, அறைகளைத் திறந்து சாமான் லிஸ்ட் எடுப்பது. தம்பி சார்பில் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, குத்தகைக்கு முன்பே நீங்களும் தம்பியும் ஒரு குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது. மேற்கு அறைகள் இரண்டும் உங்களுக்கு முழு உரிமை, உங்களுக்குப் பின் உங்கள் வாரிசுகளுக்கு என்று அதில் வர வேண்டும். இரண்டாம் கட்டுக்குப் போகும் வழி, கிணறு, வளவில் விசேஷம் நடத்தும் உரிமை ஆகியவையும் வர வேண்டும். இவை இல்லாவிட்டால் அறை உங்களுடையதாக இருக்கும், ஆனால் முகப்பு வழியாக உள்ளே போக ஹோட்டல் வாட்ச்மேனிடம் கேட்க வேண்டியிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும். உங்கள் அறைகளையும் சேர்த்து விடுவதானால் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும், வாடகையில் உங்களுக்கும் பங்கு வர வேண்டும். விட மனமில்லை என்றால் அந்த இரண்டு அறையையும் குத்தகையிலிருந்து தெளிவாக விலக்கி எழுதச் சொல்லுங்கள்.

தம்பியால் வர முடியாவிட்டால், கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பத்திரத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். இங்கிலீஷில்தான் வேண்டும் என்று ஹோட்டல்காரர் கேட்டால், ஒன்லி என்ற சொல் எங்கே வந்தாலும் அடித்துவிட்டு, அதன் இடத்தில் இரண்டு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்: இது இன்னாருக்கு உண்டு, இது இன்னாருக்கு இல்லை. தமிழில் எழுதும்போதும் ‘மட்டும்’ எங்கே விழுகிறது என்று ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘மகள் மட்டும் இரண்டு அறையை’ என்பது வேறு, ‘மகள் இரண்டு அறையை மட்டும்’ என்பது வேறு.

தம்பிக்குப் பதில் எழுதும்போது அப்பச்சியின் அந்த ஐந்து கடிதங்களையும் நகல் எடுத்து அனுப்புங்கள். கோர்ட்டில் அவற்றுக்கு என்ன மதிப்பு என்பது அப்புறம். சேலை எடுத்தது ஆத்தாதான் என்ற வரி அவருக்கும் புரியும். பதிலை மகன் மூலம் மெயிலில் அனுப்ப வேண்டாம், நீங்களே தமிழில் எழுதுங்கள். சாவி கொடுக்கச் சம்மதித்ததற்குச் சந்தோஷம் என்று முதல் வரி. மேற்கு அறை இரண்டுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை சாவி என்று அடுத்த வரி.